ராஜதந்திரம், சர்வதேசச் சட்டம்: பழைய நூல்களை எப்படிப் பார்த்து வாங்குவது

ராஜதந்திரம், சர்வதேசச் சட்டம் பற்றிய பழைய நூல்களைச் சேகரிக்கத் தொடங்குகிறவர் எதைத் தேட வேண்டும், பிரதி கைக்கு வந்ததும் எங்கே பார்க்க வேண்டும், எதில் ஏமாற வாய்ப்புண்டு என்பது கேள்வி. நாவல் சேகரிப்பவர்களிடமிருந்து தொற்றிக்கொண்ட ஒரு பழக்கத்தை முதலில் விட வேண்டும்: முதல் பதிப்பு கிடைத்தால் போதும் என்ற நினைப்பு. சட்ட நூல் அதன் ஆசிரியர் இறந்த பிறகும் வளர்கிறது. வேறொருவர் வந்து அடிக்குறிப்பு சேர்ப்பார், அத்தியாயங்களை மாற்றி எழுதுவார், அதே பெயரில் அடுத்த பதிப்பு வரும். அதனால் இது எந்தப் பதிப்பு, யார் கை பட்டது, முழுசாக இருக்கிறதா என்ற மூன்றும் தெரியாமல் இந்தத் துறையில் ஒரு நூலின் மதிப்பைச் சொல்லவே முடியாது.

சட்ட அறிஞர் ஒப்பன்ஹைமின் 'இன்டர்நேஷனல் லா' நூலை எடுத்துக்கொள்வோம். அமைதிக்காலச் சட்டம் பற்றிய முதல் தொகுதி 1905இலும், போர், நடுநிலை பற்றிய இரண்டாம் தொகுதி 1906இலும் லாங்மன்ஸ் வெளியீடாக வந்தன. 1912இல் வந்த இரண்டாம் பதிப்புதான் அவரே அச்சுக்குக் கொடுத்து முடித்தது, 1919இல் இறந்துவிட்டார். மூன்றாம் பதிப்பை ராக்ஸ்பரோவும், நான்காவதை மக்நேரும் கொண்டுவந்தார்கள். ஐந்தாம் பதிப்பிலிருந்து பொறுப்பேற்றவர் ஹெர்ஷ் லாட்டர்பாக்ட். அவர் காலத்தில் இரண்டு தொகுதிகளும் வெவ்வேறு வேகத்தில் திருத்தப்பட்டன. முதல் தொகுதி 1955இல் எட்டாம் பதிப்பை எட்டியது. இரண்டாம் தொகுதி 1952இன் ஏழாம் பதிப்போடு நின்றது. அடுத்த ஒன்பதாம் பதிப்பு 1992இல் ஜென்னிங்ஸ், வாட்ஸ் இருவரின் கையில் வந்தபோது முதல் தொகுதியை மட்டுமே திருத்தினார்கள்.

இதை அறியாதவர் எட்டாம் பதிப்பு முதல் தொகுதியும் ஏழாம் பதிப்பு இரண்டாம் தொகுதியும் சேர்ந்திருப்பதைக் கண்டால், எங்கிருந்தோ சேர்த்த ஜோடி என்று ஒதுக்கிவிடுவார். லாட்டர்பாக்டின் சரியான கடைசி ஜோடி அதுதான். மறுபுறம், ஒரே அளவு, ஒரே நிற அட்டை என்று பார்த்து ஐந்தாம் பதிப்பு முதல் தொகுதியோடு ஆறாம் பதிப்பு இரண்டாம் தொகுதியை 'முழு செட்' என்று வாங்குகிறவர்களும் உண்டு. என் கணிப்பில் ஒப்பன்ஹைமில் சேகரிக்கத் தகுந்தவை மூன்று: 1905–06 ஜோடி, 1912 ஜோடி, 1955–52 ஜோடி. நடுவில் உள்ளவை வாசிக்க நல்லவை, தேடி அலைய வேண்டியவை அல்ல.

பிரிட்டிஷ் தூதர் எர்னஸ்ட் சாட்டோவின் 'எ கைடு டு டிப்ளமேட்டிக் பிராக்டிஸ்' நூலுக்கும் இதே கணக்குதான், காரணம் வேறு. 1917இல் இரண்டு தொகுதிகளாக வந்தது. ஒப்பன்ஹைம் பதிப்பாசிரியராக இருந்த வரிசையில் வெளியான நூல் இது. 1922இன் இரண்டாம் பதிப்பு சாட்டோவே திருத்தியது. 1929இல் அவர் இறந்த பின், 1932இல் ரிச்சி திருத்திய மூன்றாம் பதிப்பு வந்தது. 1957இல் நெவில் பிளாண்ட் கொண்டுவந்த நான்காம் பதிப்பைப் பலரும் மதிப்பதில்லை. நான் அதை உயர்வாகவே வைப்பேன். தூதரக உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கை 1961இல் கையெழுத்தானது. அதற்கு முன், தூதருக்குரிய விலக்குரிமைகள் பெரும்பாலும் வழக்காற்றை நம்பியே நின்ற காலத்தின் கடைசிப் படம் அந்தப் பதிப்பில் இருக்கிறது. 1979இல் கோர்-பூத் கொண்டுவந்த ஐந்தாம் பதிப்பு உடன்படிக்கைக்குப் பிந்தைய உலகம். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் என்ன மாறியது என்று கண்ணுக்குத் தெரியும்.

ஹென்றி வீட்டனின் 'எலிமென்ட்ஸ் ஆஃப் இன்டர்நேஷனல் லா' 1836இல் வந்தது. அவர் 1848இல் இறந்த பின் லாரன்ஸ் அடிக்குறிப்புகளுடன் 1855இலும் 1863இலும் பதிப்பித்தார். 1866இல் டேனா வேறு குறிப்புகளுடன் எட்டாம் பதிப்பைக் கொண்டுவர, தன் குறிப்புகளை எடுத்தாண்டதாக லாரன்ஸ் வழக்குப் போட்டார். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் இன்றும் பேசப்படும் வழக்கு அது. 1863, 1866 பிரதிகள் இரண்டையும் சேர்த்து வைத்திருப்பவரிடம் அந்த வழக்கின் சான்றுப்பொருளே இருக்கிறது என்று சொல்லலாம். 1864இல் பெய்ஜிங்கில் மார்ட்டின் என்ற மதபோதகர் இதைச் சீன மொழியில் பெயர்த்து வெளியிட்டார். கிழக்காசியாவில் ஐரோப்பியச் சர்வதேசச் சட்டம் பரவியதில் அந்த மொழிபெயர்ப்புக்குப் பெரிய பங்குண்டு. மூல ஆங்கில நூலைவிடத் தேடிப் பெறுவது கடினம்.

இனி பழமையான அடுக்கு. ஹ்யூகோ குரோஷியஸ் போர், அமைதிச் சட்டம் பற்றி லத்தீனில் எழுதிய பெருநூல் 1625இல் பாரிஸில் அச்சானது. அந்த முதல் பதிப்பின் பிரதிகளுக்கிடையிலேயே அச்சு வேறுபாடுகள் உண்டு. டெர் மூலன், டியர்மான்சே இருவரும் 1950இல் வெளியிட்ட குரோஷியஸ் நூற்பட்டியலோடு ஒப்பிடாமல் விற்பவர் சொல்லும் 'முதல் பதிப்பு' என்ற சொல்லை ஏற்கக் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு அது எட்டாத உயரம், அதில் வருந்த ஒன்றுமில்லை. ஆசிரியரே திருத்திய 1631 ஆம்ஸ்டர்டாம் பதிப்பும், அவர் 1645இல் இறந்த பின் கடைசித் திருத்தங்களோடு வந்த 1646 பதிப்பும் உள்ளடக்கத்தில் முதல் பதிப்பைவிட நம்பத் தகுந்தவை. பின்னாளில் கார்னகி நிறுவனம் நிழற்பட நகலாக வெளியிடத் தேர்ந்தெடுத்ததும் 1625ஐ அல்ல, 1646ஐத்தான். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் வந்த சிறிய அளவு லத்தீன் பதிப்புகள், கன்றுத்தோல் காகிதமான வெல்லம் அட்டையோடு, இன்றும் சாதாரணச் சேகரிப்பாளர் கைக்கு எட்டும் இடத்தில் வருகின்றன. பார்பேராக்கின் 1724 பிரெஞ்சு மொழிபெயர்ப்பு அதன் குறிப்புகளுக்காகவே வாங்கத் தகுந்தது.

நாடுகளிடைச் சட்டம் பற்றி எமெர் த வாத்தெல் பிரெஞ்சில் எழுதிய 'லெ ட்ருவா தெ ழான்' 1758இல் வந்தது. தலைப்புப் பக்கத்தில் லண்டன் என்று இருக்கும். உண்மையில் அச்சான இடம் நியூஷாடெல். தணிக்கைக்கு அஞ்சியோ வியாபாரத்துக்காகவோ ஊர் பெயரை மாற்றிப் போடுவது அக்கால வழக்கம். ஆகவே தலைப்புப் பக்கத்தில் உள்ள ஊரும் நூற்பட்டியலில் உள்ள ஊரும் வேறாக இருந்தால் உடனே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். டூமா என்பவர், தான் பதிப்பித்து 1775இல் ஆம்ஸ்டர்டாமில் வந்த பதிப்பின் பிரதிகளை பெஞ்சமின் பிராங்க்ளினுக்கு அனுப்பிவைத்தார். அமெரிக்கச் சுதந்திரப் போரின் தொடக்கத்தில் அங்கே கைமாறிய வாத்தெல் அதுதான். இதே நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பை ஜார்ஜ் வாஷிங்டன் 1789இல் நியூயார்க் நூலகம் ஒன்றிலிருந்து எடுத்துத் திருப்பித் தரவில்லை. 2010இல் அவருடைய இல்லமான மவுன்ட் வெர்னன் தரப்பினர் அதே பதிப்பின் வேறொரு பிரதியைத் தேடிக் கண்டுபிடித்து நூலகத்திடம் ஒப்படைத்தார்கள். ஏதாவது ஒரு வாத்தெல் என்று இல்லாமல் அதே பதிப்பு வேண்டும் என்று அவர்கள் நின்றது சரியான சேகரிப்பு மனநிலை.

ராஜதந்திரக் கலை பற்றிய நூல்களில் விக்ஃபோரின் தூதர் பற்றிய நூல் 1680களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. கல்யேரின் பேச்சுவார்த்தை நூல் 1716. கல்யேரில் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் என இரண்டு ஊர்ப் பதிப்புகளும் அதே ஆண்டிலேயே ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. பட்டியலில் '1716' என்று மட்டும் எழுதியிருந்தால் எது என்று கேட்டு வாங்குங்கள்.

இந்த வயதுள்ள நூல்களில் முழுமையைச் சோதிப்பதற்குப் பக்க எண் மட்டும் போதாது, அச்சிலேயே தவறாகப் போட்டிருப்பார்கள். தாள்கட்டுகளின் வரிசையைக் காட்டப் பக்கத்தின் அடியில் அச்சிட்ட தாள்குறி எழுத்துகளைப் பின்தொடருங்கள். நான்காக மடித்த குவார்ட்டோ அளவில் வழக்கமாக ஒரு எழுத்துக்கு நான்கு தாள், எட்டாக மடித்த ஆக்டேவோவில் எட்டு தாள். அந்த வரிசையில் 23 எழுத்துகளே இருக்கும். ஜே, டபிள்யூ இரண்டும் வராது, யு-வும் வி-யும் ஒரே எழுத்து. அதைக் கண்டு தாள் கிழிந்துவிட்டது என்று பதற வேண்டாம். பக்கத்தின் கடைக்கோடியில் அடுத்த பக்கத்தின் முதல் சொல்லை அச்சிட்டிருப்பார்கள். அது பொருந்தாத இடத்தில் தாள் காணாமல் போயிருக்கலாம். பிழைதிருத்தத் தாளும், தலைப்புப் பக்கத்துக்கு முன்னால் நூற்பெயர் மட்டும் உள்ள தாளும் மறுபைண்டிங்கின்போது அடிக்கடி தொலைகின்றன.

ஆண்டு ரோமன் எண்ணில் இருக்கும். பழைய அச்சகங்கள் ஆயிரத்தை எம் எழுத்தால் போடாமல், சி, ஐ, தலைகீழான சி மூன்றையும் சேர்த்துப் போடுவதுண்டு; ஐ-யும் தலைகீழ் சி-யும் சேர்ந்தால் 500. இதைப் படிக்கத் தெரியாத விற்பனையாளர் நூறு ஆண்டு முன்பின் தள்ளிப் பட்டியல் போடுவதை இணையத்தில் நிறையப் பார்க்கலாம்.

தலைப்புப் பக்கம் மட்டும் நகலாக இருக்கிறதா என்றும் பாருங்கள். தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கையால் செய்த காகிதத்தில் ஓர் அங்குல அளவு இடைவெளியில் கோடுகள் தெரியும். ஒருமுறை மட்டும் மடித்த பெரிய அளவான ஃபோலியோவிலும் ஆக்டேவோவிலும் அவை செங்குத்தாகவும், குவார்ட்டோவில் படுக்கையாகவும் ஓடும். நூல் முழுக்க ஒரு திசையில் ஓடும் கோடு தலைப்புத் தாளில் மட்டும் மாறியிருந்தாலோ, கோடே இல்லாவிட்டாலோ அந்தத் தாள் பின்னால் வந்து சேர்ந்தது.

பழைய நூல் என்ற பெயரில் வரும் மறு அச்சுகளில்தான் இன்று அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பட்டியலில் 1758, 1836 என்று ஆண்டு போட்டிருக்கும். வருவதோ வருடிய (ஸ்கேன் செய்த) பக்கங்களை ஆர்டர் வந்த பின் அச்சிட்டு ஒட்டிய புத்தகம். ஐ.எஸ்.பி.என். எண் முறை 1970 வாக்கில்தான் நிலைபெற்றது. பட்டியலில் அந்த எண் இருந்தால் அது மறு அச்சு, சந்தேகமே வேண்டாம். மடிப்பு வரைபடங்கள் பாதி மடித்தபடியே வருடப்பட்டிருப்பதும் இவற்றில் சகஜம். சட்ட நூல்களுக்கென்றே மறுபதிப்பு செய்யும் ஹெய்ன், லாபுக் எக்ஸ்சேஞ்ச் போன்றவர்களின் நூல்கள் நேர்மையானவை, நல்ல தாளில் வருபவை. அவை வாசிப்புப் பிரதிகள், அவ்வளவுதான்.

நகல் பதிப்புகளில் விதிவிலக்கு கார்னகியின் 'கிளாசிக்ஸ் ஆஃப் இன்டர்நேஷனல் லா' வரிசை. ஜேம்ஸ் பிரவுன் ஸ்காட் தொடங்கிவைத்து 1911 முதல் 1950 வரை வந்த இந்த வரிசையில் 22 தலைப்புகள், 40 தொகுதிகள். ஜென்டிலி, விட்டோரியா, சுவாரெஸ், பூஃபென்டார்ஃப், பிங்கர்ஷூக் போன்ற பழைய சட்ட ஆசிரியர்கள் எல்லோரும் இதில் உண்டு. பெரும்பாலான தலைப்புகளுக்கு மூல நூலின் நிழற்பட நகல் ஒரு தொகுதி, ஆங்கில மொழிபெயர்ப்பு ஒரு தொகுதி. வாத்தெலுக்கு மட்டும் மூன்று: நகல் இரண்டு, மொழிபெயர்ப்பு ஒன்று. மொழிபெயர்ப்புத் தொகுதி மட்டும் தனியாக விற்பனைக்கு வருவது மிகச் சாதாரணம், நகல் தொகுதி கிடைப்பது அரிது. 1964இல் ஓஷியானா வெளியிட்ட மறு அச்சைக் கார்னகி மூலம் என்று விற்பார்கள்; தலைப்புப் பக்கத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். தொடக்கச் சேகரிப்பாளருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த வரிசையைத்தான், ஒவ்வொரு தலைப்பாகச் சேர்த்து முடிக்கக்கூடியது.

பல தொகுதி நூல்களை வாங்கும்போது தொகுதிகளின் எண்ணிக்கையை விற்பவரிடம் கேட்காதீர்கள், நீங்கள் தெரிந்துகொண்டு போங்கள். டூமோன் தொகுத்த ஒப்பந்தத் தொகுப்பான 'கோர் யூனிவெர்செல் டிப்ளோமாட்டிக்' 1726–31இல் எட்டு ஃபோலியோ தொகுதிகளாக வந்தது. 1739இல் துணைத் தொகுதிகள் ஐந்து சேர்ந்தன. எட்டுத் தொகுதிகளும் பாகம் பாகமாகப் பிரித்து பைண்ட் செய்யப்பட்டிருக்கலாம் என்பதால் அலமாரியில் உள்ள முதுகுகளை எண்ணினால் கணக்கு தவறும். சர்வதேச சங்கத்தின் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) ஒப்பந்த வரிசை 205 தொகுதிகள். நியூரம்பெர்க் விசாரணையின் 'நீல வரிசை' 42 தொகுதிகள், 1947 முதல் 1949 வரை. அதில் முதல் தொகுதி அதிகாரபூர்வ ஆவணங்கள், 2 முதல் 22 வரை விசாரணை நடவடிக்கைகள், 23, 24 அகரவரிசைகள், 25 முதல் 42 வரை சான்றாவணங்கள். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் என மூன்று மொழிகளில் வந்த வரிசை இது. சான்றாவணங்கள் மூல மொழியிலேயே அச்சானதால் ஆங்கில வரிசையின் பிற்பகுதியிலும் ஜெர்மன் பக்கங்கள் நிறைந்திருக்கும்; மொழி மாறிய தொகுதி கலந்துவிட்டது என்று எண்ணித் திருப்பி அனுப்பக் கூடாது. ஆனால் உண்மையிலேயே கலந்து வருவதும் உண்டு. தலைப்புப் பக்கம் எந்த மொழியில் என்று பாருங்கள், அதுதான் தீர்ப்பு.

ஹெர்ட்ஸ்லெட்டின் 'தி மேப் ஆஃப் யூரோப் பை ட்ரீட்டி' நான்கு தொகுதிகள்: முதல் மூன்றும் 1875, நான்காவது 1891. நூலின் உயிரே மடிப்பு வரைபடங்கள். ஆப்பிரிக்க எல்லைகள் பற்றிய அவருடைய தொகுப்பிலும் அப்படியே. உள்ளடக்கப் பட்டியலில் உள்ள வரைபடங்களை ஒவ்வொன்றாக விரித்துச் சரிபார்க்க வேண்டும். விரிக்கும்போது மடிப்புச் சந்திகள்தான் கிழியும், ஆகவே தொகுதியை மேசையில் படுக்கவைத்து, தாளின் முழுப் பரப்பையும் கையால் தாங்கி விரியுங்கள். வரைபடம் இல்லாத ஹெர்ட்ஸ்லெட் ஒப்பந்த வாசகத்துக்கு உதவும், சேகரிப்புக்கு உதவாது.

விலை உயர்ந்த தோல் அட்டைகளைவிட எனக்கு அதிக மதிப்பாகத் தோன்றுவது மெல்லிய அரசு வெளியீடுகள். 1914 போர் வெடித்ததும் ஒவ்வொரு அரசும் தன் தரப்பை நியாயப்படுத்தத் தூதரகக் கடிதங்களை அச்சிட்டு வெளியிட்டது: ஜெர்மனி வெள்ளை, பிரிட்டன் நீலம், ரஷ்யா ஆரஞ்சு, பிரான்ஸ் மஞ்சள், பெல்ஜியம் சாம்பல், ஆஸ்திரியா-ஹங்கேரி சிவப்பு. இந்த வண்ணப் புத்தகங்களின் மூல வெளியீடுகளை ஒன்றாகச் சேர்ப்பது அழகான இலக்கு. தாள் மரக்கூழ்த் தாள், ஓரம் பொடியும், தைத்த கம்பி துருப்பிடிக்கும், மேலுறை முதலில் போகும். மேலுறையோடு கிடைத்தால் மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு வைக்கப்பட்ட இத்தகைய அறிக்கைகளில் ஆண்டு அழிந்திருந்தாலும் வரிசை எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்துச் சுருக்கமே காலத்தைச் சொல்லும். சி என்ற ஒற்றை எழுத்து 1870–1899, சி.டி. 1900–1918, சி.எம்.டி. 1919–1956, சி.எம்.என்.டி. 1956–1986. வெர்சாய் ஒப்பந்தத்தின் 1919 பிரிட்டிஷ் வெளியீடு சி.எம்.டி. 153. அந்த எண் இல்லாமல் வருவது வேறு அச்சு.

20ஆம் நூற்றாண்டு நூல்களில் கவனிக்க வேண்டியது தூசி உறை, அதாவது அட்டையின் மேல் சுற்றிவரும் தாள் உறை. நூலகங்கள் சட்ட நூல்களை வாங்கியதும் உறையைக் கழற்றி எறிந்துவிட்டன. அதனால் மக்நேரின் 'லா ஆஃப் ட்ரீட்டிஸ்' 1961, பிரௌன்லியின் 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் பப்ளிக் இன்டர்நேஷனல் லா' 1966 முதல் பதிப்பு போன்றவை உறையோடு கிடைப்பது, நூல் கிடைப்பதைவிடப் பல மடங்கு கடினம். ராபேல் லெம்கின் எழுதி 1944இல் கார்னகி வெளியிட்ட 'ஆக்சிஸ் ரூல் இன் ஆக்குபைட் யூரோப்' அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான நூல்களில் ஒன்று. இனப்படுகொலை என்ற குற்றத்துக்குப் பெயரும் வரையறையும் கொடுத்த ஒன்பதாம் அத்தியாயம் அதில்தான் இருக்கிறது. பிற்கால மறு அச்சுகள் பல உலவுவதால் ஆண்டை நேரில் உறுதிசெய்யுங்கள்.

நூலக முத்திரை உள்ள பிரதிகளை முற்றாகத் தவிர்த்தால் இத்துறையில் சேகரிக்க அதிகம் மிஞ்சாது. முத்திரையின் வகை முக்கியம். பின்னட்டையில் அட்டைப் பை, முன்தாளில் ஒரு முத்திரை என்றால் பொறுக்கலாம். தலைப்புப் பக்கத்தில் துளையிட்டு எழுதிய நூலகப் பெயர், வரைபடத்தின் நடுவில் மை முத்திரை, முதுகில் வெள்ளை மையால் எழுதிய எண் ஆகியவை மதிப்பை நிரந்தரமாகக் குறைக்கும். நூலகம் தானாக நீக்கியது என்பதற்கான 'வித்ட்ரான்' அல்லது 'டிஸ்கார்டட்' முத்திரை இல்லாத பழைய பிரதியை, அந்த நூலகத்துக்கு எழுதிக் கேட்காமல் வாங்காதீர்கள். திருட்டுப் பொருளாக இருந்தால் பணமும் போகும் நூலும் போகும். இதற்கு மாறாக, வெளியுறவு அமைச்சக அல்லது தூதரக நூலகத்திலிருந்து முறையாக நீக்கப்பட்ட பிரதி, பேச்சுவார்த்தையில் பங்குகொண்ட ஒருவரின் கையொப்பமோ ஓரக்குறிப்போ உள்ள பிரதி ஆகியவை தூய பிரதியைவிட உயர்ந்தவை. பென்சில் குறிப்புகளை அழித்துச் சுத்தப்படுத்துவது குற்றத்துக்குச் சமம்.

பராமரிப்பில் இத்துறைக்கே உரிய தொல்லை தோல் அட்டைகள். 19ஆம் நூற்றாண்டுச் சட்ட நூல்களை வெளிர் பழுப்பு ஆட்டுத்தோலிலும் கன்றுத்தோலிலும் கட்டினார்கள். பதனிட்ட முறையாலும் காற்றிலுள்ள அமிலத்தாலும் அந்தத் தோல் செம்பொடியாக உதிரும், கையில் ஒட்டும். எண்ணெயோ மெழுகோ தடவினால் தோல் கறுத்து, உள்தாளில் கறை இறங்கும். ஹைட்ராக்சிபுரோப்பில் செல்லுலோஸை ஆல்கஹாலில் கரைத்த திரவத்தை மென்தூரிகையால் மெல்லியதாகப் பூசினால் பொடி அடங்கும். முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். அதையும் செய்ய விருப்பமில்லாவிட்டால் அமிலமற்ற காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்தாலே போதும். செல்லோடேப் எந்தக் கிழிசலுக்கும் கூடாது.

ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் நல்லது. 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். ராமபாணப் பூச்சி பைண்டிங் பசையையும் லேபிளையும் அரிக்கும். புழுத் துளையுள்ள துணி அட்டை நூல் வந்தால் மற்றவற்றோடு சேர்க்காமல் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 பாகை செல்சியஸில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பின் ஒரு நாள் முழுதும் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஈரம் நூலின் மேல் படியும். தோல், வெல்லம் அட்டைகளுக்கு இதை வீட்டில் செய்ய வேண்டாம், பாதுகாப்பு நிபுணரிடம் கொடுங்கள். ஃபோலியோ தொகுதிகளைப் படுக்கவைத்து அடுக்குங்கள், இரண்டு மூன்றுக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று வேண்டாம். நிறுத்தி வைத்தால் தாள்கட்டு தன் எடையாலேயே முன்னட்டையிலிருந்து கழன்றுவிடும்.

தொலைவிலிருந்து வாங்குவதாக இருந்தால் விற்பவரிடம் இந்தப் படங்களைக் கேளுங்கள்: தலைப்புப் பக்கத்தின் இரு பக்கங்களும், முதுகின் மேல்நுனியும் அடிநுனியும், அட்டை திறக்கும் இடத்தில் உள்ளிணைப்பு, கடைசி அச்சுப் பக்கம், விரித்த வரைபடம் ஒவ்வொன்றும், எல்லா முத்திரைகளும். தர மறுத்தால் அந்தப் பிரதி வேண்டாம். நூறாண்டுக்கு மேற்பட்ட நூல்களை வெளியே அனுப்பப் பல நாடுகளில் ஏற்றுமதி உரிமம் தேவை. வயது வரம்பும் மதிப்பு வரம்பும் நாட்டுக்கு நாடு மாறும். உரிமத்துக்கு விண்ணப்பிப்பது யார், கிடைக்காவிட்டால் பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதைப் பணம் செலுத்துவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.